டிக்கி திறந்தால் தலை இடிக்கக் கூடாது

வில்லியனூர் சாலையில் இருக்கும் என் கொட்டகைக்கு வண்டி கட்டச் சொல்லி வருகிறவர்கள் முதலில் பேசுவது பெயின்ட்டைப் பற்றி. அடுத்தது விலை. அப்புறம் நெற்றிப் பலகையில் முருகனா, மாதாவா என்பது. மூடிக்குக் கீல் எந்த இடத்தில் வரப் போகிறது என்று யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. நானாக எடுத்துச் சொன்னால், "அது உங்க வேலை மேஸ்திரி" என்று முடித்துவிடுவார்கள். வண்டிக்குப் பின்னால் மாலை முழுக்க நின்று தோசை ஊற்றப் போவது நான் இல்லையே!

அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் ஃபிட்டர். எனக்கு மில் வேலை கிடைக்கவில்லை. தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் கற்றுக்கொண்டு தள்ளுவண்டி, ஐஸ் வண்டி என்று கட்டிக் காலம் ஓட்டிக்கொண்டிருந்தேன். 2005-ல் டாடா ஏஸ் வந்தது. பின்னால் பெட்டி கட்டி டிஃபன் கடை போடலாம் என்று ஊரில் பலருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியதில் என் பிழைப்பும் மேடேறியது. அந்த வண்டிகளுக்கெல்லாம் மூடி பெரும்பாலும் பக்கவாட்டில்தான் திறக்கும். பின்பக்கம் திறக்கிற சமையலறையை ஆற அமர யோசிக்க வைத்தவன் என் அக்கா மகன்.

அவன் பிரான்சில் இருக்கிறான். 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களில் அக்கா வீட்டுக்காரர் குடும்பமும் ஒன்று. பொங்கலுக்கு வந்தவன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன டிரெய்லர். பக்கத்தில் இருந்து பார்த்தால் படுக்கவைத்த நீர்த்துளி மாதிரி முன்னால் உருண்டை, பின்னால் சரிவு. டியர்டிராப் என்கிறார்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்பக்கச் சரிவு முழுக்க ஒரே மூடி. அதைத் தூக்கினால் அடுப்பு, அலமாரி, சமையல் மேடை. சமைக்கிறவர் வெளியே தரையில் நின்றுதான் சமைப்பார். மூடியே அவருக்குக் கூரை.

"இங்கேயே ஒரு மாதிரி அடிச்சுப் பார்த்துட்டு, அளவை எடுத்துக்கிட்டுப் போய் அங்க கட்டிடுறேன் மாமா. ஒரே சந்தேகம்தான். டிக்கிக்குக் கீல் எங்க வைக்கிறது?" என்றான். வண்டி கட்டும் தொழிலில் இதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

பின்பக்கச் சமையலறை பழைய யோசனைதான். 1866-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் சார்லஸ் குட்நைட் என்ற மாட்டுப் பண்ணைக்காரர், மாடு ஓட்டிப் போகும் ஆட்களுக்குச் சோறு பொங்க ராணுவத்து வண்டி ஒன்றை வாங்கி, அதன் பின்னால் அறை அறையாகப் பிரித்த ஒரு பெட்டியைப் பொருத்தினார். அதன் கதவு கீழ்நோக்கி இறங்கி, ஒரு காலில் நின்று மேசையாகிவிடும். மேசை கிடைத்தது, கூரை கிடைக்கவில்லை. 1930-களில் அதே நாட்டில் டியர்டிராப் பிறந்தபோது கதவை மேல்நோக்கித் திருப்பினார்கள். இப்போது கூரை கிடைத்தது; மேசையை உள்ளே தனியாகக் கட்ட வேண்டியதாயிற்று. வீட்டிலேயே கட்டிக்கொள்ளும் வரைபடங்கள் அந்த ஊர்ப் பத்திரிகைகளில் வந்தன. உலகப் போர் முடிந்து அலுமினியத் தகடு தாராளமாகக் கிடைத்ததும் இந்த வண்டிகள் பெருகின.

வண்டியின் அளவைத் தீர்மானிப்பது பிளைவுட் கடைதான். அங்கேயும் இங்கேயும் பலகை எட்டுக்கு நாலு அடி. பக்கத்துக்கு ஒரு பலகை என்று நிறுத்தினால் வண்டி 244 சென்டிமீட்டர் நீளம், 122 உயரம். படுக்கைக்கு 190 கொடுத்தாக வேண்டும். சுவர், தடுப்பு எல்லாம் போகச் சமையலறைக்கு மிஞ்சுவது அரை மீட்டர். அரை மீட்டரில் என்ன சமைக்க முடியும்? இங்கேதான் அந்தக் காலத்து ஆசாரிகள் ஒரு வேலை செய்தார்கள். தூங்குகிறவருக்குக் கால் பக்கம் உயரம் தேவையில்லை. அதனால் படுக்கைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள தடுப்பைக் கீழே பின்னால் வைத்து, மேல்பாதியை மட்டும் கால்களுக்கு மேலே ஓரடி முன்னால் தள்ளிவிட்டார்கள். மேல் அலமாரிக்கு அந்த ஓரடி முழுசாகக் கிடைத்தது.

கீல் எங்கே என்ற கேள்விக்குப் பதிலும் அந்தத் தடுப்பில்தான் இருக்கிறது. தடுப்பின் மேல்பாதி கூரையைத் தொடும் இடத்தில் குறுக்கே ஒரு கட்டை போட்டு, கீலை அதன் மேல் வைக்க வேண்டும். அதைவிட முன்னால் போனால் படுக்கையறைக் கூரையில் மூட்டு விழுகிறது, ஒழுகினால் நேராகப் போர்வையில்தான். மூடியும் நீண்டு கனத்துப்போகும். பின்னால் தள்ளி வைத்தாலோ கீல் சரிவில் இறங்கிவிடும், திறப்பு குறுகும், மேல் அலமாரியில் இருக்கும் புளி டப்பாவை எடுக்க ஆள் குனிந்து உள்ளே நுழைய வேண்டும். இது காகிதத்தில் வரைந்தாலே தெரிந்துவிடும். காகிதத்தில் தெரியாதது மனிதருடைய உயரம்.

மலிவான 6 எம்.எம். கமர்ஷியல் பிளையில் பின்பாதியை மட்டும் முழு அளவில் வெட்டி, சக்கரம் இருந்தால் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவுக்குச் செங்கல் அடுக்கி நிறுத்தினோம். தரையிலிருந்து வண்டியின் அடிப்பலகை 45 சென்டிமீட்டர். அதோடு 122 சேர்ந்தால் கூரை 167. கீலும் ஏறக்குறைய அந்த உயரம். மூடியைத் தூக்கிச் சமமட்டமாக நிறுத்தினால் அதன் விளிம்பும் 167-ல்தான் நிற்கும். அக்கா மகன் 180 உயரம். விளிம்பு நேராகப் புருவத்தில் வந்து நின்றது.

அதனால் மூடி சமமட்டத்தைத் தாண்டி மேலே போக வேண்டும். மூடியின் நீளம் 110 என்றால், சுமார் 12 டிகிரி உயர்த்தினால் விளிம்பு 190-ஐத் தொடும். அவனுக்குச் சரி. என் வீட்டுக்காரி ஐந்தடி. அவளைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னேன். அடுப்படியில் நிற்கிற மாதிரியே இரண்டு கையையும் மேடையில் ஊன்றிப் பார்த்தாள், கற்பனைக் கல்லில் தோசை திருப்பினாள், மேல் தட்டுக்குக் கை நீட்டினாள். எல்லாம் சரி என்றவள் அண்ணாந்து மூடியைப் பார்த்தாள்.

"இதை மூட நான் ஸ்டூல் போட்டு ஏறணுமா?"

"ஒரு நாடா தொங்கவிட்டுடலாம் அத்தை, புடிச்சு இழுத்தா வந்துடும்."

"நாடா தாளிக்கிற எண்ணெயில விழாத இடமா பார்த்துக் கட்டுப்பா."

நாடா இப்போது இடது மூலையில், அடுப்பு வலது பக்கத்தில். மேடையின் உயரமும் அவளுடையதுதான்: தரையிலிருந்து 82. முழங்கைக்குச் சற்றுக் கீழே மேடை இருந்தால் தோள் வலிக்காது என்பது எந்தச் சமையலறைக்கும் பொருந்தும். அவனுக்கு அது கொஞ்சம் தாழ்வு. அவன் எப்போதாவது ஆம்லெட் போடுகிறவன், பொறுத்துக்கொள்ளட்டும்.

மூடியை மட்டத்துக்கு மேல் தூக்கியவுடன் இன்னொரு வில்லங்கம். மழை பெய்தால் மூடிமேல் விழும் தண்ணீர் வெளியே போகாமல் கீலை நோக்கி ஓடிவரும். கீலுக்குக் கீழேதான் அரிசி இருக்கிறது. சரிவாக வைத்தால் தலை இடிக்கும், உயர்த்தி வைத்தால் உள்ளே ஒழுகும். நல்லவேளையாக டியர்டிராப் மூடி தட்டைப் பலகை இல்லை, வளைந்தது. திறந்ததும் நடுவில் ஒரு கூன் மேலே நிற்கும். கூனுக்கு அந்தப் பக்கம் விழுந்த மழை விளிம்பு வழியாக வெளியே போய்விடும். இந்தப் பக்கம் விழுந்தது மட்டும் கீலுக்கு வரும். பாதித் தொல்லை தீர்ந்தது. மீதிப் பாதிக்குக் கீலின் அடியில் அலுமினியத்தில் ஒரு வாய்க்கால் மடித்துவைத்து, இரண்டு சுவர்களுக்கும் வெளியே வடியவிட வேண்டும்.

கீலிலேயே ஒரு சூட்சுமம் உண்டு. இங்கே எல்லோரும் போடுவது பியானோ கீல், நீளமாக ஒரே கம்பி ஓடுவது. அதன் கணுக்களுக்கு நடுவில் தண்ணீர் இறங்கும். வெளிநாட்டில் இரண்டு அலுமினியப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று கொக்கி போட்டுத் திரும்புகிற வகை கிடைக்கிறது. கம்பியும் இல்லை, கணுவும் இல்லை. கூரைத் தண்ணீர் அதன் முதுகின் மேலேயே வழிந்து போய்விடும். நான் செய்வது நாட்டு வைத்தியம். லாரி டியூபை நான்கு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, கீலுக்கு மேலே கூரைத் தகட்டின் அடியில் செருகி ரிவெட் அடித்துவிடுவேன். மூடி திறக்கும்போது ரப்பர் மடங்கும், மூடினால் படிந்துவிடும். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது ஊருக்கே நினைவிருக்கும். அதற்குப் பின் பழுதுக்கு வந்த வண்டிகளில் நான் பார்த்தது, தண்ணீர் பெரும்பாலும் ஓரத்து ரப்பர் பீடிங் வழியாக வரவில்லை. கீலின் திருகு ஓட்டைகள் வழியாகத்தான் பிளைவுட்டுக்குள் இறங்கியிருந்தது. திருகு இறங்குவதற்கு முன் ஓட்டைக்குள் சிலிகான் போக வேண்டும். தலைக்கு மேலே பூசுவது கண்துடைப்பு.

கடலோர ஊரில் உலோகம் தனிக் கதை. இரும்புக் கீல் ஒரு மழைக்காலம் தாங்காது. சரி, எஸ்.எஸ். திருகு போடலாம் என்று அலுமினியத்தில் முடுக்குவார்கள். உப்புக் காற்றின் ஈரத்தில் இந்த இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதைக் குருசுக்குப்பம் பக்கம் நிற்கும் எந்தப் பழைய வண்டியிலும் பார்க்கலாம். நடுவில் ஒரு நைலான் வாஷர் போட்டால் எவ்வளவோ தாங்கும். சில்லறைக் காசு விலை. யாரும் போடுவதில்லை.

தூக்கிய மூடியை நிறுத்துவது எது? முன்பெல்லாம் கம்பு. இப்போது கார் டிக்கியில் இருக்கிற கேஸ் ராடு. அதில் நியூட்டன் கணக்கில் ஓர் எண் இருக்கும். பத்து நியூட்டன் ஏறக்குறைய ஒரு கிலோ. கடைக்காரர் கொடுத்ததை வாங்கி மாட்டினால் ஒன்று மூடி நிற்காது, இல்லையென்றால் திறந்தவுடன் கன்னத்தில் அறையும். கணக்கு எளிது. மூடி 18 கிலோ, அதன் பாரம் மையம் கொள்ளும் இடம் கீலிலிருந்து 50 சென்டிமீட்டர், ராடு தள்ளும் கோடு கீலிலிருந்து 20 சென்டிமீட்டர் என்றால், 18-ஐ 50-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 45 கிலோ. இரண்டு ராடுக்குப் பங்கிட்டால் தலைக்கு இருபத்திரண்டரை. 250 நியூட்டன் ராடு ஒரு ஜோடி போதும். மூடி மட்டமாக நிற்கும் நிலைக்குத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும், பாரம் உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

ராடுக்குள் இருப்பது நைட்ரஜன். சூட்டில் அழுத்தம் ஏறும், குளிரில் இறங்கும். 20 டிகிரியில் ஒழுங்காக இருந்த ராடு, வெயிலில் நின்று 60 டிகிரியாகக் காய்ந்தால் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளும். அதனால் நம் ஊர் வண்டிக்கு இறுக்கிப் பிடிக்கும் தாழ்ப்பாள் இரண்டு பக்கமும் வேண்டும். நடுவில் ஒன்று போதாது, மூலைகள் கிளம்பிக்கொள்ளும். மூடிய நிலையில் ராடின் மெல்லிய தண்டு கீழ்ப்பக்கமாக இருப்பது நல்லது. உள்ளே இருக்கும் எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும், ராடு நீண்ட நாள் வரும்.

அக்கா மகன் ஆசைப்பட்டது, கடற்கரையில் கடலைப் பார்க்க மூடியைத் திறந்துவைத்துக் காபி போடுவது. படத்தில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். வீராம்பட்டினத்தில் பிற்பகல் கடல்காற்றில் அதைச் செய்து பார்க்கட்டும். ஒரு மீட்டருக்கு ஒன்றே கால் மீட்டர் மூடி மேல் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று நேராக மோதினால் ஒன்பது கிலோவுக்கு மேல் தள்ளும். காற்று இரட்டிப்பானால் தள்ளுவது நாலு மடங்கு. காற்றுக்கு எதிரே திறந்த மூடி பாய்மரம்தான். அடுப்பும் அணையும். நம் கரையில் கடல் கிழக்கே இருப்பதால் பிற்பகலில் வண்டியின் மூக்கைக் கடலுக்குக் காட்டி, முதுகை ஊருக்குக் காட்டி நிறுத்துவதே முறை. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் காபியைக் கையில் எடுத்துக்கொண்டு நாலு எட்டு நடக்கலாமே.

சமையல் பின்னால் இருப்பதில் பாரத்தின் தொல்லையும் உண்டு. இழுவை வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்கொக்கியில் அழுந்த வேண்டும். குறைந்தால் வேகத்தில் பின்பக்கம் பாம்பு மாதிரி ஆடும். 400 கிலோ வண்டிக்குக் கொக்கியில் 40 கிலோ என்று வையுங்கள். கொக்கி ஆக்சிலிலிருந்து இரண்டரை மீட்டர். தண்ணீர் கேன், அடுப்பு, அரிசி, பாத்திரம் என்று 50 கிலோவை ஆக்சிலுக்குப் பின்னால் ஒரு மீட்டரில் ஏற்றினால் கொக்கியில் 20 கிலோ காணாமல் போய்விடும். பாதி! ஆகவே தண்ணீர் கேனையும் கேஸ் சிலிண்டரையும் முன்னால் வைத்தோம். சிலிண்டருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். படுக்கிற இடத்தோடு ஒட்டிய மூடிய பெட்டியில் அதை வைக்கவே கூடாது. அடுப்பு இருக்கும் பெட்டியிலும் அடியில் காற்றோட்ட ஓட்டை வேண்டும்.

அடுப்பு எங்கே என்பதில் வெளிநாட்டு வரைபடத்தை நான் ஏற்கவில்லை. அவர்கள் உள்ளே தடுப்பை ஒட்டி அடுப்பு வைக்கிறார்கள். காபியும் முட்டையும் என்றால் சரி. கடுகு வெடித்து மிளகாய் தாளிக்கிற சமையலுக்கு அது ஆகாது. புகை மூடியின் வளைவில் மேலேறி, கீல் பக்கமாகப் போய், தடுப்பின் இடுக்கு வழியாகப் படுக்கையறைக்குள் நுழைந்துவிடும். இரவெல்லாம் இருமல்தான். அடுப்பை டிராயர் மாதிரி இழுத்து மூடியின் விளிம்புக்கு நேர் கீழே கொண்டுவர வேண்டும். இழுத்த அடுப்புக்கு மேலே வெட்டவெளிதான் இருக்கிறது, பிளைவுட் இல்லை.

பின்விளக்கையும் நம்பர் பலகையையும் மூடியில் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். மூடி திறந்திருக்கும்போது விளக்கு வானத்தைப் பார்க்கும், தினமும் மடங்கி மடங்கி ஒயரும் அறும். மூடியை மேடை மட்டத்தோடு நிறுத்தி, அதற்குக் கீழே அசையாத பலகை ஒன்று விட்டால் விளக்குக்கு அது போதும். அக்கா மகன் வண்டிக்கு அப்படித்தான் செய்திருக்கிறோம். வெட்டிய மாதிரிப் பலகையை அவன் தாளில் பிரதி எடுத்துச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறான். பிரான்சில் 500 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும், 750 வரை சாதாரண கார் உரிமமே போதும் என்றான்.

நம் ஊர் சட்டம் வேறு. இங்கே மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனமாகத்தான் எண்ணுகிறது. பதிவு இல்லாமல் சாலைக்கு வரக் கூடாது. இருக்கிற வேனில் டிக்கியை வெட்டிச் சமையலறை கட்ட நினைக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. பிளைவுட் கடைக்குப் போவதற்கு முன் கையால் வரைந்த படமாவது ஒன்றை எடுத்துக்கொண்டு போக்குவரத்துத் துறை அலுவலகத்துக்குப் போய், இது பதிவாகுமா என்று கேட்டுவிடுங்கள். ஆகும் என்றால் வீட்டில் சமைக்கிறவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள், அளவு எடுப்போம்.